அள்ள வந்த இயந்திரம் கொண்டுவந்த களை

ஏரியை மூடிய ஆகாயத்தாமரையை (வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள்) அள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், யாருக்காவது முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். இதையெல்லாம் எனக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. சொல்லியிருந்தால், வீடு கட்டவென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் பாதி ஒரு ஏரிக்குள் போயிருக்காது. அதைவிட முக்கியமாக, பக்கத்தில் இருந்த இரண்டு ஏரிகள் தப்பியிருக்கும். பணம் போனதை ஒருவழியாக மனம் ஏற்றுக்கொண்டது, அந்த இரண்டு ஏரிகளை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. ஏரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவன், காலையில் கரைமேல் நடப்பவன், அவ்வளவுதான். முதலில் வரத்து வாய்க்கால் ஏரியில் சேரும் முனையில் ஊதாப் பூவோடு கொஞ்சம் செடிகள் மிதந்தன. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இது வேகமாகப் படரும் செடி என்று கேள்விப்பட்டிருந்தோம், ஆனால் எந்த வேகம் என்பது யாருக்கும் பிடிபடவில்லை. அடுத்த மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியபோது முக்கால் ஏரி மூடிக் கிடந்தது. பரிசலை உள்ளே தள்ள முடியவில்லை, வலை போட இடமில்லை, விடியற்காலையில் மீன்கள் கரையோரம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செடி இப்படி மூடிவிட்டால் தண்ணீருக்குள் வெளிச்சமும் காற்றும் இறங்காது, கீழே விழுந்து அழுகும் இலைகள் மிச்சம் மீதி ஆக்சிஜனையும் தின்றுவிடும். கூடிப் பேசினோம், குழு சேர்த்தோம், மனு கொடுத்தோம். பதில் வருவதற்குள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆளாளுக்கு வேலையும் குடும்பமும் இருக்கிறது. கடைசியில் நான் மட்டும் நின்றேன். ஆத்திரமும் பிடிவாதமும் சேர்ந்துகொள்ள, கைப்பணத்தைப் போட்டாவது அள்ளிவிடுவது என்று இறங்கினேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் புரியும். சூடான, சத்து நிறைந்த தண்ணீரில் ஆகாயத்தாமரை ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். இரண்டு வாரம் என்றே வைத்துக்கொள்வோம். ஏரிப் பரப்பில் 1% மட்டும் இருக்கிறது, யார் கண்ணையும் உறுத்தாது. அது 2, 4, 8, 16, 32, 64 என்று போய் ஏழாவது இரட்டிப்பில் ஏரி முழுக்க மூடிவிடும், மொத்தமே மூன்றரை மாதத்துக்குள். முதல் ஒன்றரை மாதம் அது 8 சதவீதத்தைக்கூடத் தாண்டியிருக்காது. கடைசி இரண்டு வாரத்தில்தான் பாதி ஏரி காணாமல் போகும். ஜனங்கள் பதறி ஓடிவருவதும் அப்போதுதான். இதே கணக்கை அள்ளுவதற்கும் போட்டுப் பாருங்கள். இயந்திரம் 90% அள்ளிவிட்டால் மிச்சம் 10%, அது 20, 40, 80 என்று போய் ஏழு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். 99% அள்ளினாலும் கிடைப்பது மறுபடி அந்த மூன்றரை மாதம்தான். இடம் நெருக்கடியாகும்போதும் சத்து குறையும்போதும் வேகம் தணியும் என்பதால் இது உத்தேசக் கணக்குதான், ஆனாலும் வேலை ஒப்பந்தம் பேச இது போதும். ஒப்பந்தக்காரர்கள் எல்லோருமே எத்தனை டன் அள்ளுவோம் என்றுதான் பேசுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, எவ்வளவு விட்டுவிட்டுப் போவார்கள், அதை யார் திரும்ப வந்து எடுப்பார்கள் என்பது. டன் கணக்கும் ஏமாற்றும், ஏனென்றால் அந்தச் செடியின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர். நான் கொடுத்த காசில் பெரும்பகுதி ஏரித் தண்ணீரைக் கரைக்குத் தூக்கிப்போட்டதற்குத்தான் போனது.

சரி, எனக்கு நடந்ததற்கு வருகிறேன். தெரிந்தவர் மூலமாக ஓர் ஒப்பந்தக்காரர் கிடைத்தார். மிதக்கும் இயந்திரம் ஒன்று, கரையில் ஒரு பொக்லைன், கொஞ்சம் ஆட்கள். பணம் பாதி முன்னால், பாதி முடித்தபின் என்று பேச்சு. வேலை ஆரம்பித்த முதல் வாரம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது, நீண்ட நாளைக்குப் பிறகு தண்ணீரில் வானம் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அள்ளியதையெல்லாம் கரையின் உட்சரிவிலேயே குவித்தார்கள். தூரக் கொண்டுபோய்க் கொட்ட லாரி வாடகை தனி, அது பேச்சில் இல்லை என்றார்கள். இரண்டு நாள் நல்ல மழை பிடித்தது. குவியலின் அடியில் ஈரத்தோடு உயிராக இருந்த செடிகள் சறுக்கி மறுபடி ஏரிக்குள் போய்விட்டன. இயந்திரம் வெட்டி இழுக்கும்போது உதிர்ந்த தண்டுகள் வேறு தனியாக மிதந்து எதிர்க்கரையில் சேர்ந்திருந்தன. தாய்ச்செடியோடு இணைக்கும் அந்தத் தண்டு அறுந்தால் இரண்டும் தனித்தனிச் செடியாகிவிடும். ஆகவே எழுதிக் கையெழுத்து வாங்கும் பேச்சில் இந்த மூன்றும் கட்டாயம் இருக்கட்டும்: அள்ளியதை ஏரிக்குத் தண்ணீர் வடியாத இடத்துக்குக் கொண்டுபோவது அவர்கள் பொறுப்பு, வேலை நடக்கும் பகுதியைச் சுற்றி மிதவைக் கயிறும் வலையும் கட்டி உதிர்ந்ததை வெளியே போகாமல் பிடிப்பது, கடைசித் தவணையை வேலை முடிந்த அன்று தராமல் மூன்று மாதம் கழித்துத் தருவது. மூன்றாவதைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும்.

இயந்திரம் போய்ச் சில வாரம் ஆனது. மதகுக்குப் பக்கத்தில், திறந்து கிடந்த தண்ணீரில், கட்டைவிரல் நகம் அளவுக்குப் புதிதாக ஏதோ பச்சையாக மிதந்தது. பாசி என்றுதான் நினைத்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் ஜோடி ஜோடியாக இலை, நடுநரம்பில் மடிந்து நிற்கிறது, கீழே வேர் போலப் பழுப்பு இழைகள். அந்த இழைகளும் உண்மையில் இலைதான், உருமாறிய மூன்றாவது இலை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மேல்பக்கம் தண்ணீர் ஒட்டவே இல்லை, முத்து முத்தாக உருண்டு ஓடியது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, இலையின் மேல் நிற்கும் ஒவ்வொரு முடியும் நான்காகப் பிரிந்து, நுனியில் மறுபடி ஒன்றுசேர்ந்து, ஒரு குட்டிக் கூண்டு போல இருந்தது. அது சால்வீனியா மோலெஸ்டா என்ற மிதக்கும் களை, அதை அடையாளம் காண அந்தக் கூண்டுதான் முக்கியக் குறி. அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு சில சால்வீனியாக்களுக்கு முடியின் நுனி சேராமல் விரிந்து நிற்கும். பிரேசிலின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த செடி இது. இளசாக இருக்கும்போது இலை சின்னதாகத் தண்ணீரோடு படிந்து கிடக்கும், நெருக்கம் கூடக் கூட இலை பெரிதாகி மடிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி மெத்தையாகும். சிறிசாக இருக்கும் கட்டத்தில் கண்டுபிடித்தால்தான் கையால் எடுத்து முடிக்க முடியும்.

எங்கள் ஏரியில் அது முன்பு இருந்ததே இல்லை. இயந்திரம் ஓட்டியவருடைய எண் என்னிடம் இருந்தது, நல்ல மனிதர், கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, எங்க ஏரிக்கு வர்றதுக்கு முன்னாடி வண்டி எங்க ஓடுச்சு?"

"ரெண்டு மாசமா வேற ஒரு பெரிய ஏரியில சார். அங்க பூராவும் இந்தச் சின்ன இலைதான்."

"கழுவிட்டுத்தானே கொண்டுவந்தீங்க?"

"எதுக்கு சார் கழுவணும், மறுபடியும் தண்ணிக்குள்ளதானே இறங்கப் போவுது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் யாரும் சொல்லவில்லை. கோபம் எல்லாம் அந்த ஒப்பந்தக்காரர் மேல்தான் வந்தது, இருபது வருடமாக இதே தொழில் என்று மார்தட்டியவர். கேட்டபோது "பறவை கொண்டுவந்திருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பறவையும் கொண்டுவரலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சால்வீனியா மோலெஸ்டா முளைக்கும் வித்தே தராத செடி. ஒரு ஏரியில் புதிதாகத் தெரிகிறது என்றால் உயிருள்ள துண்டு ஒன்று அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். கணுவில் மொட்டு உள்ள ஒரு சிறு துண்டு, ஈரமான மூலையில் ஒட்டிக்கொண்டு, சங்கிலிக்கும் தகட்டுக்கும் நடுவில் பயணம் செய்தால் போதும். ஆகாயத்தாமரையில் இந்தத் தெளிவு கிடைக்காது, அதன் விதை சேற்றில் பதினைந்து, இருபது வருடம்கூட உயிரோடு கிடக்கும் என்பதால் புதிதாக வந்ததா, பழையது முளைத்ததா என்று சொல்ல முடியாது. சால்வீனியா அப்படிக் குழப்புவதில்லை. அது வந்த வழியைத் தேடிப் பிடிக்கலாம், அடுத்து போகப்போகும் வழியையும் முன்கூட்டியே சொல்லலாம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து, அந்த இயந்திரம் எங்கள் ஏரிக்குப் பிறகு எங்கெல்லாம் போனது, இனி எங்கே போகப்போகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதினேன். இரண்டு ஏரிகளுக்கு ஏற்கெனவே போய்விட்டு வந்துவிட்டது. அடுத்த நாளே ஓடினேன். ஒன்றில் இயந்திரம் இறங்கிய சரிவுக்குப் பக்கத்திலேயே சால்வீனியா சிதறிக் கிடந்தது, மற்றதில் காற்று தள்ளிய மூலையில். இரண்டு ஏரியிலும் அதுவரை கரையோரம் கொஞ்சம் ஆகாயத்தாமரை மட்டும்தான், நாலு பேர் பரிசலில் போய்க் கையால் எடுக்கக்கூடிய அளவு. எங்கள் ஏரியைப் பார்த்துப் பயந்துதான் அவர்கள் அதே இயந்திரத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். கரையில் நின்று அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாவதாகப் போகவேண்டிய ஏரிக்காரர்களை மட்டும் நேரத்தோடு பிடிக்க முடிந்தது. வண்டியை ஏரியிலிருந்து தள்ளி மேட்டில் நிறுத்தி, உயர் அழுத்தத் தண்ணீர் அடித்து, சங்கிலி, வலை, தொட்டி எல்லாவற்றையும் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகுதான் இறங்கவிட்டார்கள். கழுவிய தண்ணீரோடு கைப்பிடி கைப்பிடியாகச் சால்வீனியா வந்தது. அந்த ஏரியில் இன்றுவரை அது இல்லை.

களை எங்கே பரவும் என்று கணிப்பது பெரிய கணினி வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரிய அளவில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அடிப்படை அந்தத் தாளில் நான் எழுதியதுதான். ஓர் எடுத்துக்காட்டு, இது களை இல்லை, சிப்பி: வட அமெரிக்காவின் பேரேரிகளில் வரிச்சிப்பிகள் (zebra mussel) 1988-ல் கண்டுபிடிக்கப்பட்டன, ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்கள் எடைக்காக நிரப்பிக் கொண்டுவரும் தண்ணீரோடு வந்தவை. ஆறுகள் வழியாகக் கீழ்நோக்கிப் போனதை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆற்றுத் தொடர்பே இல்லாத உள்நாட்டு ஏரிகளுக்கு எப்படிப் போகும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. பதில், வண்டியில் ஏற்றி இழுத்துப் போகும் உல்லாசப் படகுகள். படகில் சிக்கிய நீர்ச்செடியில் ஒட்டிக்கொண்டும், படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளாகவும் போயின. அதனால் ஆராய்ச்சியாளர்கள் ஏரிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் அளக்காமல், எந்த ஏரிக்கு எத்தனை படகுகள் எங்கிருந்து வருகின்றன என்று கணக்கெடுத்தார்கள். பெரிய ஏரி அதிகப் படகுகளை இழுக்கும், தூரம் கூடினால் வரத்து குறையும், இந்த இரண்டையும் சேர்த்துப் போடும் கணக்குக்கு ஈர்ப்பு மாதிரி என்று பெயர். அதே குடும்பத்துக் குவாகா சிப்பி (quagga mussel) 2007 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கே மீட் ஏரியில் தென்பட்டது, கிழக்கே இருந்த கூட்டத்திலிருந்து அரைக் கண்டத்தைத் தாண்டி ஒரே தாவல். வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதைப் பிடிக்க முடியாது.

உங்கள் பகுதியில் ஏழெட்டு ஏரி இருக்கிறது என்றால், ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி போட்டாலே போதும். முதலாவது, வந்து சேருமா: மேல் ஏரியின் கலிங்கு வழிந்தால் தண்ணீர் இங்கே வருமா, இயந்திரம், படகு, வலை, மீன்குஞ்சு எந்த ஏரியிலிருந்து வருகின்றன, தொட்டிமீன் வளர்ப்பவர்கள் வேண்டாததைக் கொண்டுவந்து கொட்டும் இடமா. இரண்டாவது, வந்தால் பிழைக்குமா. வரிச்சிப்பிக்கு ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், தண்ணீரில் கால்சியம் மிகக் குறைவாக உள்ள ஏரியில் அது நிலைக்காது. ஆகாயத்தாமரைக்கும் சால்வீனியாவுக்கும் அசையாத தண்ணீரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும், கழிவுநீர் கலக்கும் ஏரியில் இரண்டும் தாராளம். ஜாம்பேசி ஆற்றில் கரிபா அணை கட்டித் தண்ணீர் தேங்கத் தொடங்கியதும் 1959-ல் அங்கே சால்வீனியா தென்பட்டது, 1962-க்குள் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் மூடிவிட்டது. மூழ்கிய நிலத்திலிருந்து கரைந்த சத்துதான் அதற்குத் தீனி, அது தீரத் தீரக் களையும் சுருங்கியது. மூன்றாவது, வந்து பெருகினால் எதை இழப்போம்: குடிநீரா, மீனா, பாசனமா. மூன்றுக்கும் சேர்த்து மோசமான பதில் வரும் ஏரி எதுவோ, இன்னும் களை இல்லாத அந்த ஏரியில்தான் உங்கள் நேரமும் பணமும் முதலில் போகவேண்டும். இதைச் சொன்னால் கோபப்படுவார்கள், "இங்கே மூழ்கிக் கிடக்கிறது, நீ காலியான ஏரியைப் பார்க்கப் போகிறாயே" என்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். ஆனால் கையால் எடுத்து முடிக்கக்கூடிய வேலை அங்கேதான் இருக்கிறது.

கண்காணிப்பைப் பற்றிக் கொஞ்சம். மிதக்கும் களையைக் காற்று நகர்த்தும். ஒருநாள் போய்ப் பார்த்துப் பாதி ஏரி என்று எழுதிவைப்பீர்கள், மறுநாள் காற்று திசை மாறினால் கால் ஏரிதான் தெரியும், காரணம் மெத்தை ஒரு மூலையில் நெருங்கி ஏறிக்கொண்டிருக்கும். அதனால் எப்போதும் காற்று போய்ச் சேரும் கரையை முதலில் பாருங்கள், புதிதாக வந்த துண்டும் அங்கேதான் ஒதுங்கும். அப்புறம் வரத்து வாய்க்கால் முனை, படகு இறங்கும் சரிவு, மதகு. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுப் படம் வரும், ஒரு புள்ளி 10 மீட்டர். பெரிய படர்வு எப்படி வளர்ந்தது என்று பின்னோக்கிப் பார்க்க அருமையானது. எங்கள் ஏரியின் பழைய படங்களைப் பார்த்தபோதுதான், வரத்து வாய்க்கால் முனையில் எப்போது ஆரம்பித்தது என்பதே எனக்குத் தெரிந்தது. ஆனால் நகம் அளவு சால்வீனியாவை அது காட்டாது, மழைக்காலத்தில் மேகத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதற்கு ஆட்களின் கண்தான் வேண்டும். தினமும் தண்ணீரில் இறங்குகிறவர்கள் மீன் பிடிப்பவர்கள். இரண்டு களையின் படத்தையும் அவர்கள் கைப்பேசிக்கு அனுப்பி, புதிதாக எதைப் பார்த்தாலும் கூப்பிடச் சொல்லிவைத்தேன். நான் வைத்த எல்லா ஏற்பாட்டிலும் அதிகம் பலன் தந்தது இதுதான்.

எங்கள் ஏரியில் சால்வீனியா அதற்குள் கைமீறிப் போய்விட்டது. மறுபடி இயந்திரம் கூப்பிடப் பணமும் இல்லை, மனமும் இல்லை. அப்போதுதான் கூன்வண்டு பற்றிப் படித்தேன். இதன் வரலாறே ஒரு பாடம். சால்வீனியாவைத் தின்னும் என்று முதலில் சில நாடுகளில் விட்ட வண்டு பலன் தரவில்லை. அந்தக் களையின் சொந்த இடம் பிரேசிலில் எங்கே என்று கண்டுபிடித்து, அங்கே அதன்மேல் வாழ்ந்த வண்டைக் கொண்டுவந்து 1980-ல் ஆஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் விட்டார்கள், அடுத்த ஆண்டுக்குள் களை பெரும்பாலும் அழிந்தது. அது முன்பு விட்டதைப் போலவே இருந்தாலும் வேறு இனம் என்பது பின்னர்தான் உறுதியானது, சிர்டோபேகஸ் சால்வினியே என்று பெயர் வைத்தார்கள். பப்புவா நியூ கினியின் செபிக் ஆற்று ஏரிகளிலும் கேரளத்திலும் அதே வண்டு பலன் தந்தது. செபிக்கில் முதலில் வண்டுகள் தங்கவில்லை, செடியில் நைட்ரஜன் போதாது என்று கண்டு, களைக்கே யூரியா போட்டு வண்டுகளை நிலைக்கவைத்தார்கள். களைக்கு உரமா என்று கேட்கத் தோன்றும், ஆனால் வண்டின் குஞ்சுக்குச் சத்துள்ள மொட்டு வேண்டும், அதுதான் காரணம்.

வண்டை நீங்களாக எங்கிருந்தாவது பிடித்துவந்து விடாதீர்கள். அனுமதி இல்லாமல் உயிரினத்தை இடம் மாற்றுவது பல நாடுகளில் குற்றம், வேறு களையும் கூடவே வந்துவிடும். நான் இதற்கென்று உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதி, ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, வண்டு ஏறிய செடிகளாகவே வாங்கி விட்டேன். காகித வேலைக்கே பல மாதம் ஆனது. விட்ட பிறகும் வெகுநாள் ஒன்றும் தெரியவில்லை, ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். பிறகு ஒரு மூலையில் மெத்தை பழுப்பானது, மொட்டுகள் கறுத்திருந்தன, அந்தப் பழுப்பு மெல்ல மெல்ல விரிந்தது. முழுதாக ஒழியவில்லை, ஒழியவும் ஒழியாது. களை கொஞ்சம், வண்டு கொஞ்சம் என்று இரண்டும் இருக்கும். ஆகாயத்தாமரைக்கும் தனியாக இரண்டு வகைக் கூன்வண்டுகள் உண்டு. விக்டோரியா ஏரியில் 1990-களில் அவற்றை விட்டார்கள், அந்தப் பத்தாண்டின் இறுதியில் களை பெரிய அளவில் சரிந்தது, பிறகு சில வளைகுடாக்களில் மீண்டும் தலைதூக்கியது. உங்கள் ஏரியில் அவை ஏற்கெனவே இருக்கலாம், இலையின் மேல் சின்னச் சின்னச் சதுரமாகச் சுரண்டிய தழும்பு இருந்தால் அதுதான் அடையாளம். அப்படி இருந்தால் எல்லாச் செடியையும் ஒரேயடியாக அள்ளிவிடாமல் ஒரு மூலையை மிதவைக் கயிறு கட்டி விட்டுவையுங்கள். அள்ளும்போது வண்டும் கூடவே போய்விடும், பிறகு சேற்றிலிருந்து முளைக்கும் புதுச் செடியைத் தின்ன ஆள் இருக்காது.

களைக்கொல்லி பற்றி ஒரே விஷயம். பக்கத்தில் ஓர் ஏரியில் அனுமதி வாங்கி முறைப்படிதான் அடித்தார்கள், ஆனால் மொத்தத்தையும் ஒரே வாரத்தில். செத்த செடி எல்லாம் ஒன்றாக மூழ்கி அழுகி, ஆக்சிஜன் தீர்ந்து, மீன் எல்லாம் செத்து மிதந்தது. அடிக்கத்தான் வேண்டும் என்றால் பகுதி பகுதியாக, நடுவில் இடைவெளி விட்டு, மருந்து தெரிந்தவர் மேற்பார்வையில் அடிக்கவேண்டும். குடிக்கவும் பாசனத்துக்கும் எடுக்கும் தண்ணீர் என்றால் அதற்கான தடைக்காலத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அள்ளிய செடியை மாட்டுக்குப் போடலாம், உரமாக்கலாம் என்று நிறையப் பேர் யோசனை சொல்வார்கள். கழிவுநீர் ஏரிச் செடியில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் ஏறியிருக்கலாம், சோதிக்காமல் மாட்டுக்குப் போடவேண்டாம். உரமாக்குவதென்றால் குவியல் நன்றாகச் சூடேறி மக்கவேண்டும், இல்லையென்றால் உரத்தோடு விதையும் வேறு குளத்துக்குப் போகும். கோடையில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போது ஏரி சுத்தமாகிவிட்டது என்று யாரும் கணக்கை மூடிவிட வேண்டாம். வெளிச்சம் பட்டதும் சேற்றில் கிடக்கும் ஆகாயத்தாமரை விதை அப்போதுதான் முளைக்கும். விரல் நீளக் கன்றாக இருக்கும்போது நடந்துபோயே பிடுங்கிவிடலாம், தண்ணீர் ஏறிவிட்டால் பரிசல் வேண்டும். நாங்கள் இப்போது ஒவ்வொரு வருடமும் அந்தக் காலத்தில் சேற்றில் இறங்குகிறோம். விலகிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள், அது எனக்குப் பெரிய ஆறுதல்.

கையிலிருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதல் அள்ளலுக்கு வையுங்கள், மிச்சத்தை அடுத்த வருடங்களுக்கு. நான் ஏரிக்கென்று எடுத்ததை எல்லாம் முதல் வருடத்திலேயே கொடுத்துத் தீர்த்ததால்தான், கையால் எடுத்திருக்கக்கூடிய சால்வீனியாவுக்கு நாலு பேரைக் கூலிக்கு வைக்கக்கூட வழியில்லாமல் போனது. கலிங்கின் குறுக்கே ஒரு மிதவைத் தடுப்பு போட்டு, வாரம் ஒருமுறை அதில் சேர்வதை எடுத்துவிடுங்கள், மழைக்காலத்தில் தினமும். கீழ் ஏரிக்குப் போவதில் நிறைய அதில் நின்றுவிடும். யாருடைய இயந்திரமோ, படகோ, வலையோ உங்கள் ஏரிக்குள் இறங்குவதற்கு முன், கடைசியாக அது எந்தத் தண்ணீரில் இருந்தது என்று கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் மேட்டில் நிறுத்திக் கழுவச் சொல்லுங்கள், உள் தொட்டியையும் வடித்துக் காயவிடச் சொல்லுங்கள். உங்கள் ஏரியிலிருந்து வெளியே போகும்போதும் அதே மாதிரி கழுவி அனுப்புங்கள், அடுத்த ஏரிக்காரர்களுக்கு ஒரு ஃபோன் போட்டு வண்டி இங்கிருந்துதான் வருகிறது என்று சொல்லிவிடுங்கள்.